சைகோன்காரி

கொப்பரையில் கரும்புப் பாகு கொதித்து வெல்லமாக இறுகும் நேரத்தில், தித்திப்பும் லேசான தீய்ச்சலும் கலந்து ஒரு வாசனை எழும். தை மாதம் முழுக்க எங்கள் கிருமாம்பாக்கத்தில் அது துணியிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பருவத்தில்தான் ஊருக்குள் பல பக்கத்து ஆட்களும் வந்து கூடுவார்கள். யாரையும் நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கரும்பு ஆட்டுகிறவர் 'ஆலைக்காரர்', வளையல் கொண்டுவருகிறவர் 'வளையக்காரர்', தயிர் விற்கிறவள் 'தயிர்க்காரி'. நாட்டை ஆண்ட துரைக்கும் அதே 'காரன்' வால்தான், அவன் 'பிரெஞ்சுக்காரன்'.

மற்றவர்கள் பேச்சிலும் இந்த வாலைத் தேடுவதே எனக்கு அப்போது விளையாட்டு. கிணறு வெட்ட வந்த தெலுங்குக் குடும்பத்தில் வேட்டைக்காரன் 'வேட்டகாடு', வேலைக்காரி 'பனிகத்தெ'. வளையக்காரர் வீட்டில் உருது பேசுவார்கள். அவர் தம்மைச் 'சூடிவாலா' என்பார், கடைக்காரரைத் 'துகான்தார்' என்பார். மாஹேயிலிருந்து மாற்றலாகி வந்த மலையாளக் காவலர் 'நாட்டுகாரன்' என்று நம் வாலையே மூக்கால் கொஞ்சம் இழுப்பார். அப்பாவின் சேக்காளி சவரிநாதன் புதுச்சேரியில் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர்; அங்கே அவர் பெயர் 'ஜார்தினியே'. 'காரன்' எங்கே போயிற்று என்று நான் கேட்டதற்கு, "அவுங்களுக்கு 'யே'தாம்மா காரன்" என்றார். உலகமே ஆளுக்கொரு வாலை ஒட்டிக்கொண்டு திரிகிறது என்று நினைத்துச் சிரித்தேன். சிரிக்கிற வயதுதான்.

அந்த வால்களிலெல்லாம் பெருமையானது என் அம்மாவுடையது. அவள் 'சைகோன்காரி'. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே கப்பலேறி, பிரெஞ்சுக்காரன் ஆண்ட வியட்நாமில், சைகோனில் ஒரு கிடங்குக்குக் காவலாளியாகப் போயிருந்தார். அம்மா அந்த ஊரைக் கண்ணால் கண்டவள் இல்லை. கடலூர்ச் சந்தையைத் தாண்டி ஓரடி வைத்தவள் இல்லை. ஆனாலும் கல்யாண வீட்டில் முதல் நலங்கு வைக்க 'சைகோன்காரிய கூப்புடு' என்பார்கள். அப்பா அனுப்பிய பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு அவள் போவாள். சவரிநாதனும் பிறகு அதே சீமைக்கே போய்ச் சேர்ந்தார்.

யுத்தம் வந்தது. கப்பல் நின்றது. யுத்தம் முடிந்து கப்பல் மறுபடி வரத் தொடங்கியபோது அதிலிருந்து இறங்கியவர்களில் அப்பா இல்லை. இறங்கியவர்களில் ஒருவர், அப்பா காவல் பார்த்த கிடங்கின் மேல் குண்டு விழுந்ததாகக் கேள்விப்பட்டேன் என்றார். கேள்விதான், பார்த்தவர் இல்லை. ஆனால் எங்கள் அத்தைக்கு, அப்பாவின் அக்காளுக்கு, அது போதுமானதாக இருந்தது. அவள் மகளுக்கு வந்த வரன்கள் எல்லாம் தட்டிப் போய்க்கொண்டிருந்தன. கருமாதி காணாத உயிர் வாசலில் நிற்கும்போது வீட்டில் எப்படி மேளம் கொட்டும் என்று அவள் ஊர்ப் பெரியவர்களிடம் அழுதாள். அத்தையை நான் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். தம்பி தண்ணீர் கிடைக்காமல் அலைகிறான் என்று உண்மையிலேயே நம்பினாள்.

உடல் இல்லாத சாவுக்கு எங்கள் பக்கத்தில் ஓர் ஆளைச் செய்து எரிப்பார்கள். வெல்லம் காய்ச்சும் பருவம் என்பதால் கரும்பின் உலர்ந்த இலையான சோகையாலேயே அப்பாவைக் கட்டினார்கள். கையும் காலும் வைத்து, வேட்டி சுற்றி, ஏரிக்கரையில் கிடத்தித் தீ வைத்தார்கள். காய்ந்த சோகை, அப்பா படபடவென்று நொடியில் எரிந்து முடிந்தார். அன்று அம்மாவின் தாலியை வாங்கினார்கள். அடுத்த நாளிலிருந்து யாரும் அவளைச் சைகோன்காரி என்று சொல்லவில்லை, 'அறுத்தவ' என்றார்கள். கடன் இருப்பவன் கடன்காரன், நோய் இருப்பவன் சீக்குக்காரன். கடனிலும் நோயிலும்கூட ஒட்டுகிற அந்த வால், ஒன்றும் இல்லாமல் போனவளிடம் ஒட்டவில்லை.

அடுத்த கரும்புப் பருவத்தில் சவரிநாதன் வந்து சேர்ந்தார். தகரப் பெட்டியோடு வாசலில் நின்றவர், வெள்ளைச் சேலையில் அம்மாவைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்துபோனார்.

"அண்ணி, இது இன்னா கோலம்? அண்ணன் நல்லாத்தானே கீறாரு. அடுத்த கப்பல்ல வரேன், வூட்டுக்காரிய பாத்து சொல்லுன்னு என்கிட்ட சொல்லி அனுப்சாரு" என்றார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். அன்று மாலையே பெரியவர்கள் கூடினார்கள். தவறு நடந்துவிட்டது என்பதை யாரும் மறுக்கவில்லை, அதுதான் கொடுமை. ஆனால் கருமாதி ஆனவன் வூடு ஏறினால் ஊருக்கு ஆகாது, வரவேண்டாம் என்று அவனுக்குச் சொல்லிவிடு என்று, திரும்பவும் சைகோன் போக இருந்த சவரிநாதனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே குடிசை போட்டு இருந்துகொள்கிறோம் என்று அம்மா மன்றாடியதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சவரிநாதன் புறப்பட்ட அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கடலூர் ரோடு வரை அவர் பின்னாலேயே வந்தாள். ரோட்டோரத்தில் நின்று, தலைமுக்காட்டை இழுத்து வெறும் நெற்றியை மறைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஊரு சொன்னத சொல்லாதப்பா. நான் பொட்டு வெச்சிக்கினுதான் கீறேன்னு சொல்லு. வரட்டும்."

அவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இரண்டு சேதியில் எதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அவரும் திரும்பவில்லை, அப்பாவும் வரவில்லை. வரமுடியாமல் போனாரா, தன்னை எரித்த ஊருக்கு எதற்கு வரவேண்டும் என்று இருந்துவிட்டாரா, அங்கே வேறு வூட்டுக்காரி வாய்த்தாளா? அம்மா இவற்றில் எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் அந்த ரோட்டில் போய் நின்றாள். பிறகு நிற்பதையும் விட்டாள்.

நான் படித்துத் தமிழாசிரியை ஆனேன். அந்தக் 'காரன்' வடமொழியிலிருந்து வந்தது, அங்கே அதற்குச் 'செய்பவன்' என்று பொருள், நம் நாக்கில் அது 'உடையவன்', 'சேர்ந்தவன்' என்று விரிந்துவிட்டது என்று புத்தகத்தில் படித்ததும் அதை மூடிவைத்து அம்மாவை நினைத்தேன். அம்மா எதைச் செய்தாள்? எதை உடையவளாக இருந்தாள்? ஒரு கப்பலை எதிர்பார்த்ததைத் தவிர அவள் சைகோனுக்கு எந்த வகையில் சேர்ந்தவள்?

அம்மா இறந்தபோது நான் தலைநரைத்தவள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூச்சூட்டி அனுப்புங்கள் என்று குளிப்பாட்ட வந்த பெண்களிடம் கெஞ்சினேன். அவர்களில் மூத்தவள் இரக்கமாகத்தான் கேட்டாள்: "ஆளு உசுரோட கீறாருன்னு யாரும்மா கண்டது?" வெள்ளைச் சேலையில்தான் எடுத்தார்கள்.

இன்று கரும்புக் கொல்லைகள் மனைகளாகிவிட்டன. வெல்லக் கொப்பரை எங்கும் இல்லை. கடலூர் ரோட்டில் பஸ் ஓயாமல் ஓடுகிறது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வண்டிக்காரன் டிரைவர், வீட்டுக்காரர் ஓனர். வால் மட்டும் மாறி மாறி ஒட்டிக்கொண்டு பிழைத்துக் கிடக்கிறது. சைகோன்காரி என்று சொன்ன வாய்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. அப்பா இனி உயிரோடு இருக்க வழியில்லை, அது எனக்குத் தெரியும். அம்மாவை எடுத்த அன்று அவர் இருந்தாரா, இல்லையா என்பதை மட்டும் யாராவது வந்து சொல்லமாட்டார்களா என்று இந்த வயதிலும் மனம் அடித்துக்கொள்கிறது. சொல்ல ஆள் இல்லை.