என் ஆய்வுச் செடிகள் சாமியான கதை

போன வருடம் ஆகஸ்ட் மாதம், இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பும் படபடப்பும் சேர்ந்தே வருகின்றன.

அப்போது நான் ஒரு வெளிநாட்டு மாணவி. சிரிக்காதீர்கள், உண்மைதான்! ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். முதல் வருடத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். இந்தப் பாடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாவரவியல், மண்ணியல், புள்ளிவிபரவியல் என்று எனக்குப் பிடித்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டேன். வேலையையும் விட வேண்டியதில்லை. வார நாட்களில் பதுளையில் சித்தி வீட்டில் தங்கி, ஒரு டியூஷன் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பேன். சனி, ஞாயிறு தோட்டத்திலுள்ள எங்கள் லய வீட்டுக்கு வந்துவிடுவேன். “பாஸ்போட் இல்லாத வெளிநாட்டுக்காரி வந்துட்டா, வழிய விடுங்க!” என்று அம்மா கிண்டல் செய்வார்.

அந்த முதல் வருடத்தின் முடிவில் ஒரு கள ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வு நடக்கும் இடத்திலேயே நின்று, வீடியோ அழைப்பில் விரிவுரையாளரிடம் விளக்க வேண்டும். நன்றாகத் தேறினால் இரண்டாம் வருடம் உதவித்தொகையோடு அங்கேயே போய்ப் படிக்கலாம். தேறாவிட்டால் என் படிப்பு அத்தோடு சரி. அம்மா கொழுந்து எடுக்கிற குடும்பத்தில் வேறு வழி ஏது?

நான் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிது. வறட்சிக் காலத்தில் தேயிலைச் செடியின் அடியில் காய்ந்த இலைகளைப் பரப்பி வைத்தால் கூடுதலாகக் கொழுந்து கிடைக்குமா? தோட்ட மேலாளரான துரையிடம் அனுமதி வாங்கி, நாலாம் நம்பர் மலையில் ஒரு வரிசைச் செடிகளுக்கு இலை பரப்பினேன். பக்கத்து வரிசையைச் சும்மா விட்டேன். வாரா வாரம் வந்து இரண்டிலும் மண்ணின் ஈரத்தை அளப்பேன். எங்கள் ஊரில் ‘மலை’ என்றால் கொழுந்து எடுக்கும் ஒரு பகுதி. அம்மாவும் அவரோடு வேலை செய்பவர்களும் அங்கே கொழுந்து எடுக்கும்போது இரண்டு வரிசையையும் தனித்தனியாக நிறுத்துச் சொல்வார்கள். எந்த வரிசை எது என்று குழம்பக் கூடாதே! அதனால் இலை பரப்பிய செடிகளில் எல்லாம் ஒரு பழைய சேலையைக் கிழித்து நல்ல சிவப்புத் துணியாகக் கட்டிவிட்டேன். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை.

எல்லாம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வாரம் மட்டும் டியூஷனில் பரீட்சை வந்ததால் என்னால் வீட்டுக்கு வர முடியவில்லை. அம்மாவையும் வேறு மலைக்கு மாற்றிவிட்டார்கள். நாலாம் நம்பர் மலைக்கு, தோட்டத்தின் மேல் பிரிவான ‘மேல் டிவிஷன்’ பெண்கள் வந்தார்களாம். யார் எடுத்தால் என்ன, கொழுந்து கொழுந்துதானே என்று இருந்துவிட்டேன்.

வீடியோ அழைப்பு இருந்த அன்று, காலை பஸ்ஸைப் பிடித்து வந்து நேரே மலைக்கு ஏறினேன். ஏறியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

என் சிவப்புத் துணிச் செடிகளில் ஒரு கொழுந்துகூடக் கிள்ளவில்லை. சுற்றியிருந்த செடிகளெல்லாம் மட்டமாக இருக்க, இவை மட்டும் ஜோராக வளர்ந்து நின்றன. முதல் செடியின் அடியில் ஒரு கல். கல்லில் மஞ்சள், குங்குமம். பக்கத்தில் உடைத்த தேங்காய், செவ்வந்திப் பூ, அணைந்த சூடம். இலை பரப்பிய இடமெல்லாம் மஞ்சள் தண்ணீர்!

ஐயோ, அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் தோட்டங்களில் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போதுகூட ஒரு கல்லை நட்டுச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில், வேதக்கார, அதாவது கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணான நான் கொஞ்சமும் யோசிக்காமல் வரிசையாகச் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். வேறு என்ன நடக்கும்?

அழைப்புக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். கல்லைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பூவையும் தேங்காயையும் அள்ளிவிடலாம் என்று குனிந்தேன். “பாப்பா, கை வச்சிராத!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேல் டிவிஷனில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா, முதுகில் சாக்கோடு வேகமாக வந்துகொண்டிருந்தார்.

“இது சாமிச் செடி. அங்க பாரு மேல” என்று நிழல் மரத்தைக் காட்டினார். கிளையில் பெரிய குளவிக் கூடு. போன மாதம் இந்த வழியாக வந்தபோது அந்தக் குளவிகள் கொட்டி, அவருடைய மருமகள் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அதற்குப் பிறகு அந்த மலைக்கு வரவே எல்லோருக்கும் நடுக்கமாம். அம்மா இதைச் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை. “இந்தத் துணியப் பாத்த பொறகுதான் எங்களுக்குத் தைரியமே வந்துச்சு. யாரோ நல்ல மனசுக்காரங்க காவலுக்குக் கட்டிட்டுப் போயிருக்காங்க. அதுக்குப் பொறகு ஒருத்தரையும் கொட்டல, தெரியுமா?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அக்கா, அத கட்டுனது நான்தாங்க. படிப்புக்காகக் கட்டுனேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ கட்டுனா என்ன? ஒன் கையால கட்ட வச்சது யாரு?”

அதற்குள் போன் அடித்துவிட்டது.

திரையில் என் விரிவுரையாளர் மேடம். கடைசி வாரத்து எடையை மட்டும் ஏதோ ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டு, காமிராவை வேறு பக்கம் திருப்பினால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் வாய் உண்மையைக் கொட்டிவிட்டது. கடைசி எடை இல்லை, செடியில் கொழுந்தே எடுக்கவில்லை, காரணம் இதுதான் என்று கல்லையும் பூவையும் குளவிக் கூட்டையும் அப்படியே காட்டினேன்.

மேடத்தின் முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த அக்காவிடம் பேச வேண்டும் என்றார். போனைத் திருப்பினேன். அக்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, திரையைப் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டார்.

“அம்மா, எங்க புள்ளைய எப்புடியாவது பாஸாக்கி விட்டுருங்க. தங்கமான புள்ள. எங்களுக்குச் சாமியெல்லாம் கட்டிக் குடுத்துருக்கு!”

இதை நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும்! வெட்கத்தில் காது சுட்டது. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்போதுதான் மேடம் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் விடவில்லை. “மறுபடி செய்வதானால் முதலில் என்ன செய்வாய்?” என்று கேட்டார்.

யோசிக்கவே இல்லை. “காலையில் பெரட்டுக்குப் போவேன்” என்றேன். வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடிப் பெயர் கொடுக்கும் இடம் அது. “எல்லா டிவிஷன் ஆட்களிடமும் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்வேன். அந்த மலையில் அவர்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்பேன். அதற்குப் பிறகுதான் எதையும் கட்டுவேன்.”

மேடம் எதையோ எழுதிக்கொண்டார். நன்றி சொல்லி அழைப்பை முடித்துவிட்டார். பாஸா பெயிலா, ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க மின்னஞ்சலையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மின்னஞ்சல் வந்தபோது பதுளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். இடம் உறுதி, உதவித்தொகை உறுதி! கடைசி எடையை வெறுமையாக விட்டதைத் தனியாகப் பாராட்டியும் எழுதியிருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நான் போட்ட கத்தலில் ஒரு கண்டக்டர் ஓடி வந்து, “என்னாச்சு தங்கச்சி?” என்று கேட்டார். “பாஸாயிட்டேங்க!” என்று அவர் கையையே பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

வீட்டில் அம்மா மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தியோடு கிளம்பினார். மேல் டிவிஷனில் அந்த அக்கா பொங்கலே வைத்துவிட்டார். “எங்க சாமி குடுத்த பாஸு” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் மறுத்துப் பேசவில்லை, இரண்டு கை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன். பயணத்துக்கு முன் அம்மாவும் அந்த அக்காவும் நானுமாகப் போய்த் துரையிடம் பேசினோம். ஆட்கள் வந்து குளவிக் கூட்டை எடுத்தார்கள். துணிகளை மட்டும் யாரும் அவிழ்க்க விடவில்லை.

அந்த மலையில் மண்ணின் ஈரத்தை அளந்தேன், கொழுந்தை நிறுத்தேன், ஆனால் தலைக்கு மேல் குளவிக் கூடு தொங்க, பயந்து பயந்து கொழுந்து கிள்ளிய பெண்கள் மட்டும் என் கண்ணில் படவே இல்லை. இன்று இவ்வளவு தூரம் வந்து படிக்கும்போதும், எந்த ஆய்வைத் தொடங்கினாலும் அங்கே வேலை செய்கிறவர்களிடம் போய், “இங்கே உங்களுக்கு எதைக் கண்டால் பயம்?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.