நாங்கள் புகழடைந்த கேசட்

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இருபத்தொரு வயதில் அடம்பிடித்தவன் நான். நாட்டுப்பற்று என்று ஊரில் சிலர் இன்னும் நம்புகிறார்கள், நானும் திருத்தியதில்லை. உண்மையில், நான் ஒரு நட்சத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிஜியில் மூன்றாவது ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வருடம் அது. நாடி நகரத்து ஓட்டல்கள் எல்லாம் காலி. அதில் ஒன்றில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த என் மாமா மகனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டூரிஸ்டுகளுக்குப் பாட்டுப் பதிந்து விற்க ஓட்டல்காரர் வாங்கி வைத்திருந்த வெறும் கேசட்டுகளை, நான்கு பெட்டி, சும்மா கேட்டு வாங்கிக்கொண்டு லோவுவில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினான்.

“இத்தினி டேப்ப வெச்சிகினு என்னா மச்சான் பண்றது?”

“ராப்பு பண்லாம்” என்றேன். இப்படித்தான் எங்கள் கலை பிறந்தது.

பாட்டு பிஜி இந்தியில், நடுவில் மட்டும் தமிழில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: “எல்லாரும் போய்ட்டா கரும்ப யாரு வெட்டுவா?” இப்படிக் கேட்ட நாங்கள் இருவரும் கரும்புக் கத்தியைத் தொட்டதே இல்லை. கேசட்டின் இரண்டு பக்கமும் அதே பாட்டுதான். மக்கள் கலைஞர்கள் அல்லவா, விலையைத் தரையில் வைத்தோம்.

லௌடோகா கேசட் கடையில் முதல் பெட்டி நான்கு நாளில் தீர்ந்தது. “இன்னும் கொண்டா பையா” என்று கடைக்காரர் ஆள் அனுப்பினார். வாங்கியவர்களில் பாதிப் பேர் விசா வந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள். போகாதே என்று பாடினோம், போகிறவர்களே வாங்கினார்கள். அவர்களுக்கு மனசாட்சி உறுத்துகிறது என்று நான் விளக்கம் கொடுத்தேன். சிட்னிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் பெரியம்மா மட்டும் ஆறு வாங்கினாள். அந்த ஆறு என் தலைக்கு ஏறிவிட்டது.

அப்பா விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தார்.

“போடுடா கையெழுத்து.”

“ரெண்டாவது பாட்டு வரட்டும்ப்பா. ஜனங்க காத்துகினு இருக்காங்க.”

“எந்த ஜனம்டா? அல்லாரும் ஏர்போர்ட்ல நிக்கிறாங்க!”

நான் போடவில்லை. அப்பா, அம்மா, தங்கை எல்லாரும் ஏறிப் போனார்கள். அம்மா விமான நிலையத்தில் அழுதது பிரிவுக்காக என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டு நிஜமாகவே நன்றாக இருந்தது. ஓசி கேசட்டுகள் தீர்ந்துவிட்டதால் காசு கொடுத்து வாங்கிப் பதிந்தோம். விலையையும் அதற்கேற்ப ஏற்றினோம். பதினொன்று விற்றது. ஒன்பது சொந்தக்காரர்கள். ஓட்டல்கள் திறந்ததும் மாமா மகன் பெட்டி தூக்கப் போனான். நானும் அதே ஓட்டலில் வரவேற்பு மேசைக்குப் போய்ச் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான்.

பல வருடம் கழித்து சிட்னிக்கு விருந்தாளியாகப் போனபோது, பெரியம்மாவின் அலமாரியில் எங்கள் கேசட்டுகளைப் பார்த்தேன். ஆறும் இருந்தன. பழைய ரேடியோவில் ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

பாட்டுக்குப் பதிலாக, பிஜியில் வுனிமோனோவில் இருந்த பெரியம்மாவின் அக்கா பேசினாள். மாடு கன்று போட்டது, கத்தரிக்காய் காய்த்தது, மருமகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை. மூச்சு வாங்க அவள் பதிவை நிறுத்தி, டேப் கொஞ்சம் ஓடிவிட்ட இடத்தில் என் குரல் “யாரு வெட்டுவா?” என்றது. உடனே மறுபடியும் மருமகள்.

பெரியம்மா டீயோடு வந்தாள்.

“போன்ல பேசினா கட்டுபடி ஆவாதே, அதான் அக்காவும் நானும் டேப்லயே பேசி அனுப்பிக்குவோம். உன்னுது வெறும் டேப்பவிட வெல கம்மி. நல்ல டேப்புடா, இன்னும் தேயல. நீங்க கத்தி வெச்சிருந்ததும் ஒண்ணும் தொந்தரவில்ல, மேல பேசினா தானா அழிஞ்சிடும்.”

டீயை என் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் யோசித்துக் கேட்டாள்:

“ஏன்டா, அதுக்காவா நீ வராம நின்னுட்ட?”