"கொம்பனி வேலைதானே, தம்பி?"

பழைய கார்கள் அசலா என்று சோதித்துச் சொல்வது என் தொழில். ஊர்காவற்றுறையில் விற்பனைக்கு வந்த, காரை மாற்றிச் செய்த பழைய அம்புலன்ஸ் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். காரைக் கொம்பனியே அப்படி மாற்றியிருந்தால் அது மிக அரிய வண்டி.

அம்புலன்ஸ் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு அயல் வீட்டு அக்கா ஒருவரும் வந்து நின்றார். "கொம்பனி வேலைதானே, தம்பி?"

கூரையின் பெயின்றைச் சுரண்டினேன். உள்ளே எண்ணெய்ப் பீப்பாய்த் தகரம். "இல்லை அக்கா, இது இங்கை ஆரோ வெட்டி ஒட்டினது."

அவர் அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். "எண்ணெய்ப் பரலை வெட்டித்தான் என்ரை மனுசன் எங்கடை காருக்குக் கூரை போட்டவர்."

சண்டைக் காலத்தில் நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு போன கணவர் திரும்பவில்லையாம். காரும் வரவில்லை. விற்பவர் அதை வவுனியாவில் பழைய இரும்புக் கடையொன்றில் எடுத்திருந்தார்.

"காரோடை எங்கையோ இருக்கிறார் எண்டு நினைச்சிருந்தனான். வேறை ஏதும் தெரியுதோ, தம்பி?"

சாரதியின் கதவில் துப்பாக்கிச் சூட்டுத் துளைகளை அடைத்துப் பூசியிருந்ததை நான் முன்னமே கண்டிருந்தேன்.

"ஒண்டும் இல்லை, அக்கா."

தொழிலில் நான் சொன்ன ஒரே பொய் அது. அவருக்காகச் சொன்னேனா, அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் எனக்காகச் சொன்னேனா என்று இன்றும் தெரியவில்லை.