கத்தி விழுந்த பிறகு

என் படகில் கை வைத்த கள்ளனை எங்கே வைத்தும் அடிக்கலாம் என்று நம்பியிருந்த மடையன் நான். பட்டப்பகலில் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் கத்தியை நீட்டினான். துடுப்பால் கையில் ஒன்று போட்டேன். கத்தி விழுந்தது; வெறுங்கையோடு ஓடினான். "காப்பாத்துங்கோ" என்று கத்திக்கொண்டே துரத்தியவனும் நான்தான். மீன் சந்தையடியில் எட்டிப் பிடித்து முதுகில் இன்னொன்று போட்டேன்.

பொலிஸில் சார்ஜன்ட் கேட்டார்: "முதல் அடி சரி அண்ணை. அவன் ஓடேக்க உங்களுக்கு என்ன பயம்?"

"பயம் நிக்கேல்லை சேர். காலும் நிக்கேல்லை."

அவர் சிரிக்கவில்லை. களவெடுக்க வந்தவனுக்கு முதுகிருக்கிறது, அதற்கொரு சட்டமிருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் பற்றியெரிகிறது. முதல் அடிக்கு என்மேல் வழக்கில்லை. இரண்டாவது அடிக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.