மேசையை விட்டுப் போன கோயா டப்பா

சுரபாயா துறைமுகச் சாலையில் வர்சித்தியின் சோத்தோ கடையைத் தெரியாதவர் கிடையாது. சோத்தோ என்றால் மஞ்சள் போட்ட கோழிச் சாறு. அதன்மேல் கோயா, அதாவது இறால் அப்பளத்தையும் வறுத்த பூண்டையும் இடித்த பொடி. அதை மேசைக்கொரு டப்பாவில் வைத்திருப்பாள். அள்ளிப் போட்டுக்கொள்வது அவரவர் இஷ்டம்.

கல்லாவை ஒட்டி ஒரு கடல்நீர்த் தொட்டி, அதற்குள் நாலைந்து மீன்கள், ஒரு பவளம். பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு, தனக்கென்று அவள் ஆசைப்பட்டு வாங்கியது அந்தப் பவளம் ஒன்றுதான். அது பச்சை விரல்களை நீட்டி ஆடுவதைப் பார்த்தால் அடுப்புச் சூடே தெரியாது அவளுக்கு.

அந்தப் பவளத்தைத்தான் பாசி பிடித்தது. முடிமுடியாக வளர்ந்து மூடியதில் பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. ஓரம் வெளுத்து, அடியிலிருந்த சுண்ணாம்பு எலும்பு தெரிந்தது. அவ்வப்போது சாப்பிட வருகிற, தொட்டிச் சாமான் விற்கும் முக்லிஸ் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இது போய்ச் சேர்ந்தாச்சுக்கா. தூக்கிப் போட்டுட்டு என் கடைல புதுசா வாங்கிக்க."

"உன் வாயில கொதிக்கிற சாறை ஊத்த! உசிரு இருக்குடா அதுக்கு."

தண்ணீரை மாற்றினாள், விளக்கைக் குறைத்தாள், பிரஷ்ஷால் தேய்த்தாள். பாசி போன வேகத்தில் திரும்பி வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருநாள் மதியம் சாறு ஊற்றிக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுகெங், ஒரு சிட்டிகை கோயாவைத் தன் கிண்ணத்தில் போட்டார். அடுத்த சிட்டிகையைத் தொட்டிக்குள் போட்டார். மீன்கள் ஓடி வந்தன. அடுத்த மேசைக்காரரும் போட்டார். சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் யாரும் உட்காராத ஊர், மீனை மட்டும் விட்டுவிடுவார்களா? இத்தனை நாளும் அதைப் பார்த்து அவளே பூரித்திருக்கிறாள். மீன் தின்றது போக மிச்சமெல்லாம் அடியில் அழுகிப் பாசிக்கு எருவாகியிருக்கிறது.

லாரிக்காரர்களையே ஓட ஓடத் திட்டுகிற வாய்தான். ஆனால் சோறு விற்கிறவள், அடுத்த உயிருக்குப் போடாதே என்று எப்படிச் சொல்வாள்? மறுநாள் எந்த மேசையிலும் டப்பா இல்லை.

"என்ன வர்சித்தி, கோயா இல்லாத சோத்தோவா? மாப்பிள்ளை வராத கல்யாணம் மாதிரி!" என்றார் சுகெங்.

"மாப்பிள்ளை அடுப்படில இருக்காரு. எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, நானே போடறேன்."

சிலர் முறைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். ஆனாலும் அவள் மசியவில்லை. செத்த எலும்பை வெட்டி எறிந்தாள். உயிருள்ள பகுதியை மருந்து நீரில் முக்கி, இடுக்கியால் பாசியை இழை இழையாகப் பிடுங்கினாள். சாப்பிட வந்தவர்கள் அதில் அழுகி ஒட்டியிருந்த கோயாவைப் பார்த்தார்கள்; டப்பா ஏன் போனதென்று சுகெங்குக்கும் புரிந்தது. பாசி மேயும் நத்தைகளையும் வாங்கி விட்டாள். மெல்ல மெல்லப் பாசி நைந்தது. ஒரு காலையில் பச்சையாக ஒரு விரல் எட்டிப் பார்த்தது. அடுப்பில் சாறு பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பவளம் முன்னைவிடப் பெருத்து நின்றது. எதிர்க்கடைக்குப் போனவர்கள் அதைப் பார்க்கவே திரும்பினார்கள். கூடவே முக்லிஸும் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, ஒரு துண்டு வெட்டித் தந்தீன்னா…"

"போய்ச் சேர்ந்ததுல துண்டு கேக்கறியே, வெக்கமா இல்ல?"

கடையே சிரித்தது. வர்சித்தியும் சிரித்துவிட்டாள். "முதல்ல சாப்பிடு. தரேன்."

கிண்ணத்தை வைத்து, தன் கையாலேயே கோயாவைத் தாராளமாகத் தூவினாள். முக்லிஸின் விரல்கள் பழக்கதோஷத்தில் அதில் ஒரு சிட்டிகையைக் கிள்ளித் தொட்டிப் பக்கம் போயின. வர்சித்தி வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

"டேய், கையை எடுடா!" என்று மொத்தக் கடையும் கத்தியது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் சுகெங்.