புல்லுக்கு ஊற்றிய மிஷின் தண்ணீர்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் தரைக்குக் கீழேதான். ஆழ்துளைக் கிணறு போடுகிற கைபோர் குழாயைச் சுற்றிச் சுற்றித் தள்ளுகிற கூலியாளாக ஆரம்பித்து, பின்னால் சொந்தமாகப் போர் வண்டி வாங்கினேன். சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் எந்தத் தெருவில் எத்தனை அடியில் பாறை வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவர்கள் வீட்டுத் தண்ணீரும் அநேகமாக நான் எடுத்துக் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவன் வீடு கட்டினால் வாசலில் புல்வெளி வேண்டாமா? செம்பாக்கத்து வீட்டின் முன்பக்கம் முழுக்க கொரியன் புல் பதித்தேன். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் அது கிடையாது. என் வீட்டுக்காரிக்குத்தான் அதைக் கண்டால் ஆகாது. அந்த இடத்தில் கத்தரியும் வெண்டையும் போட வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே அவளுக்கு ஆசை.

போன வருஷக் கோடையில் எங்கள் போரில் தண்ணீர் இறங்கி, மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் போர் போட்டவன் வாசலில் தண்ணி லாரி வந்து நின்றது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் லாரித் தண்ணீரை நான் புல்லுக்கு அடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“இன்னாங்க, நம்ம வூட்ல மாடா கீது, லாரித் தண்ணி ஊத்திப் புல்லு வளக்குறீங்க?”

கேட்டுக்கு வெளியே நின்றிருந்த எதிர்வீட்டு வாத்தியார் சிரித்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போர் தண்ணீர், லாரித் தண்ணீர் இரண்டிலும் ஒரு சொட்டு தொடமாட்டேன், வீட்டில் வீணாகிற தண்ணீரிலேயே இதைப் பச்சையாக வைத்துக் காட்டுகிறேன் என்றேன். காட்டாவிட்டால் என்று கேட்டாள். புல்லைப் பெயர்த்துவிட்டு நீ கத்தரி போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் சாட்சி.

குடிதண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற ஆர்.ஓ. மிஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பதற்குள் அதைவிட அதிகமாகக் கழித்து சிங்க்கில் விடும். அந்தக் கழிவில் ஒரு டியூபைச் சொருகி, ஜன்னல் வழியாக இழுத்து, வெளியே ஒரு நீல டிரம்மில் விட்டேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் பூவாளியால் தெளித்தேன். தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். இரண்டு வீடுகளில் நானே போய் டியூப் சொருகிக் கொடுத்தேன்.

வாத்தியார் மட்டும் ஒரு நாள் மெதுவாக, அந்தத் தண்ணீரில் உப்பு ஜாஸ்தியாக இருக்குமே சார் என்றார். நான் பார்க்காத உப்பா சார் என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது வாரம் புல்லின் நுனி கருகியது. வெயில் என்று சொல்லிக்கொண்டு இன்னும் அதிகமாகத் தெளித்தேன். நடுவில் வைக்கோலாகிவிட்டது. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஒரு திட்டு மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஏசிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நேராக டிரம்முக்குப் போய் ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். புதுப் போரில் முதலில் வருகிற தண்ணீரை நக்கிப் பார்த்தே, இது குடிக்க ஆகும், இது ஆகாது என்று சொல்லிப் பிழைத்த நாக்கு இது. ஒரே கரிப்பு. கோவளம் பக்கம் கடலோரத்தில் போட்ட போர்தான் ஞாபகத்துக்கு வந்தது. நாம் குடிக்கிற தண்ணீரிலிருந்து மிஷின் உப்பைப் பிரித்தால் அது எங்கே போகும்? கழிவோடுதானே போகும்! ஊரான் வீட்டுத் தண்ணீரையெல்லாம் ருசி பார்த்தவன், சொந்த மிஷின் என்பதால் இதைப் பார்க்காமல் விட்டேன். அன்றைக்கே அந்த இரண்டு வீடுகளுக்கும் போய் டியூபைக் கழற்றிவிட்டு, தரை துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாத்தியாரிடமும் ஒத்துக்கொண்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் மண்வெட்டியோடு நின்றாள்.

“சொன்ன சொல்லு இன்னும் கீதா, இல்ல அதுவும் காஞ்சிபோச்சா?”

“கீது. ஆனா அந்த ஏசி ஓரம் எனக்கு.”

மண்வெட்டியால் அந்தத் திட்டைச் சுற்றி ஒரு கோடு கிழித்தாள். “வெச்சிக்கோங்க,” என்றாள்.

உப்பேறிய மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டுச் செம்மண்ணும் எருவும் கொட்டினோம். மழை வந்து ஒரு தரம் நன்றாக அலசிய பிறகு அவள் விதை போட்டாள். செடிக்குச் செடி குழிப்பாத்தி கட்டி, மேலே தேங்காய் நாரும் சருகும் மூடியது நான். அரிசி களைகிற தண்ணீர், காய்கறி கழுவுகிற தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினாலே போதும். நாரை விலக்கிக் கையை வைத்தால் மண் குளுகுளுவென்று இருக்கும். என் பங்குப் புல்லில் ஒரு நாற்காலி போடலாம், அவ்வளவுதான்.

கத்தரி காய்த்துத் தள்ளுகிறது. தெருவில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பாத்தி கட்டியவர் யார் என்று அவள் சொல்லுவதில்லை. அதனால் நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடவே போகிறேன்.