மருந்தறைக்காரி நிலம் பார்த்தது

கோடைமுகாமில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஊசியத்தை. இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு வேலையை விட்டுவிட்டாள். பதினான்கு கோடைகளாக முகாமின் மருந்தறையைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே ஒருவருக்குக்கூட ஊசி போட்டதில்லை. வருகிற நோய்களில் பாதி, அம்மாவைத் தேடும் வயிற்றுவலி. மீதி, செருப்புக் கடித்த புண்.

படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் வருடத்துக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். விடிவதற்கு முன்பே அந்த விரிப்புகளோடு நனையாத விரிப்புகள் பத்தையும் தண்ணீரில் முக்கிப் பிழிந்து ஒரே கொடியில் போட்டுவிடுவாள். எது யாருடையது என்று எந்த வாயாடிப் பயலாலும் கண்டுபிடிக்க முடியாது. இதை அவள் கமிட்டியிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் பாராட்டு விழா எடுத்து, விஷயத்தை மைக்கில் அறிவித்திருப்பார்கள்.

கமிட்டி என்றால் நாலு பேர். தலைவர் டயர் கடை நடத்தி ஓய்ந்தவர். செயலாளர் ஓவிய ஆசிரியர். தலைவர் தும்மினாலும் குறிப்பெடுப்பார். பொருளாளர் ஜவுளிக்கடைக்காரர், எதற்கும் தலையாட்டுவார். நாலாவது ஆள் தலைவரின் மச்சான், நிலத்தரகர். அவர் கமிட்டியில் எதற்கு இருக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. தலைவர் வீட்டு அம்மாவுக்குத் தம்பி என்பதே போதுமான தகுதியாக இருந்தது.

முகாம் நடந்துவந்த பள்ளிக்கூட மைதானத்தில் கட்டடம் கட்டப்போகிறார்கள் என்று கடிதம் வந்தது. அதே வாரம், நாற்பது பிள்ளைகளை இருநூறாக்குவது என்று தலைவர் தீர்மானம் போட்டார். நாற்பதுக்கே இடம் போய்விட்டது, இருநூறாம்! நிலம் தேடும் பொறுப்பு மச்சானிடம் போனது. அவரும் ரொம்ப அலையவில்லை. ஏற்கெனவே கைவசம் விலைபோகாமல் கிடந்த ஒரு மேட்டு நிலத்தைக் காட்டினார். கீழே ஏரி, சுற்றிலும் மரம். நாலு பேரும் போய், பாறையில் உட்கார்ந்து பிளாஸ்க் காப்பியைக் குடித்து, காற்று வாங்கிவிட்டு, இதுதான் இடம் என்று முடிவுகட்டித் திரும்பினார்கள்.

கூட்டத்துக்கு ஒப்புக்கு அவளையும் கூப்பிட்டார்கள்.

“வண்டி எதுவரைக்கும் போகும்?” என்று கேட்டாள்.

“ஓடைக்கு இந்தப் பக்கம் வரைக்கும்,” என்றார் மச்சான். “அப்புறம் பத்து நிமிஷம் நடை. பசங்களுக்கு ஜாலியா இருக்கும்மா.”

“வரும்போது ஜாலிதான். போகும்போது?”

“போறதுக்கும் அதே வழிதானே! நடுவுல யாராவது மாத்தியா வைப்பாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. போன கோடையில் ஒரு சிறுமியைக் குளவி கொட்டித் தொண்டை வீங்கிவிட்டது. வாசலில் நின்ற வண்டியில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரப் பதினோரு நிமிடம். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் என்னிடம் கொண்டுவந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றார் டாக்டர். கமிட்டி அன்று சாயங்காலமே அதை மறந்துவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டதே, பிறகென்ன!

வீட்டில் கணவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்.

“என்ன சொல்லுது உங்க கமிட்டி?”

“காத்து நல்லா வருதாம்.”

“டயர்கடைக்காரருக்குக் காத்து அடிக்கிறதைத் தவிர வேற என்ன தெரியும்?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க டிப்போவுக்குப் பின்னாடி ஆறு ஏக்கர் சும்மா கிடக்கு. டிரைவருங்க வண்டி பழகின இடம். சமதரை, சுத்துச்சுவர், குழாய்த் தண்ணி, வாசல்லயே ரோடு. வாடகைக்கு விடத் தயாரா இருக்காங்க. பாக்கத்தான் லட்சணமா இருக்காது,” என்றார்.

“அதை யாரு கல்யாணம் பண்ணிக்கப்போறா?”

மறுநாளே போய்ப் பார்த்தாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி ஒன்பது நிமிடம். கமிட்டியிடம் சொன்னபோது செயலாளர் முகத்தைச் சுளித்தார். “பஸ் சத்தத்துல பசங்களுக்குக் கற்பனை எப்படிம்மா வரும்?” தலைவர் பெரிய மனது பண்ணி, ஞாயிற்றுக்கிழமை மேட்டு நிலத்திலேயே கடைசி ஓட்டெடுப்பு என்றார். “நீங்களும் ஒருதடவை வந்து பாருங்க. பாத்தீங்கன்னா இப்படிப் பேசமாட்டீங்க.”

போனாள். டிப்போவிலிருந்து மடக்கு ஸ்ட்ரெச்சர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள்.

கூடாரம் போடப்போகும் இடத்தில் அதை விரித்து, “தலைவரே, கொஞ்சம் படுங்க,” என்றாள்.

“நானா?”

“உங்களுக்குக் குளவி கொட்டிடுச்சு. இவங்க நாலு பேரும் உங்களை வண்டிவரைக்கும் தூக்கிட்டுப் போகட்டும். பத்து நிமிஷ வேலைதானே?”

பத்து நிமிடம் என்று அத்தனை முறை சொன்ன பிறகு மறுக்க வழியில்லை. தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தபடி படுத்தார். செயலாளர், பொருளாளர், மச்சான், வண்டி ஓட்டிவந்த டிரைவர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

சரிவில் இருபதடி இறங்குவதற்குள் பொருளாளருக்கு மூச்சு வாங்கியது. செயலாளரின் செருப்பு கழன்று உருண்டோடியது. தலைமாட்டைப் பிடித்திருந்த மச்சான் முன்னால் இறங்கியதால் தலைவர் தலைகீழாகச் சறுக்கினார்.

“டேய், ஒழுங்காப் புடிடா!”

“நீங்க ஆடாம படுங்க மாமா!”

ஓடையில் வழுக்கும் கல்லில் மச்சானின் கால் பிசகியது. தலைவர் இடுப்புவரை தண்ணீரில் உட்கார்ந்தார். எழுந்து நடக்கப் பார்த்தவரை அவள் தடுத்தாள்.

“நோயாளி நடக்கக்கூடாது. படுங்க.”

படுத்தார். வண்டியை எட்டியபோது முப்பத்துநாலு நிமிடம் ஆகியிருந்தது. நாலு பேரும் புழுதியில் சாய்ந்தார்கள். மச்சானுக்குத்தான் முதலில் வாய் வந்தது.

“இது ஞாயமில்லம்மா. மாமா எண்பத்தெட்டு கிலோ. குழந்தைங்க முப்பது கிலோ இருக்குமா?”

“ஞாயமான பேச்சு,” என்றாள். வண்டிக்குள் முப்பது கிலோ மணல் மூட்டை ஒன்று இருந்தது. இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் ஏற்றிவந்திருந்தாள். “இதை மேல கொண்டுபோய், மறுபடி ஒருதடவை இறக்கிடுவோம். எந்திரிங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை. ஏரிக்காற்று நன்றாகத்தான் வீசியது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பொருளாளர்தான் இடுப்பைப் பிடித்தபடி, வாழ்நாளில் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு கருத்துச் சொன்னார்: “அந்த டிப்போ இடத்தையே பாத்துடலாமே.” ஓட்டெடுப்பு அங்கேயே, உட்கார்ந்தபடியே முடிந்தது.

அடுத்த வாரக் கூட்டத்தில் குறிப்பேட்டை வாசித்தார்கள். குழந்தைகளின் பாதுகாப்பை முன்னிட்டுத் தலைவர் தாமே ஸ்ட்ரெச்சரில் படுத்து ஆராய்ந்து, மேட்டு நிலத்தை நிராகரித்தார் என்று செயலாளர் எழுதியிருந்தார். தலைவர் அடக்கமாகத் தலைகுனிந்து அதைக் கேட்டுக்கொண்டார். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பொய் எழுதினால் மை செலவு, அவ்வளவுதான். அவள் பார்த்தது மேசையில் கிடந்த புது முகாமின் வரைபடத்தை. ரோட்டுப் பக்கம் தலைவர் பெயர் பொறித்த அலங்கார வளைவு. அதன் பின்னால் மேடை, அலுவலகம். கடைசிக் கோடியில், பாத்திரம் அடுக்கும் கொட்டகையை ஒட்டினாற்போல் மருந்தறை.

செயலாளரின் பேனாவை வாங்கினாள். மருந்தறையை அடித்துவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில், வளைவு இருந்த இடத்தில் பெரிய கட்டமாக வரைந்தாள்.

“அப்போ வளைவு எங்கம்மா போறது?” என்றார் தலைவர்.

“வளைவுக்குக் காய்ச்சல் வராது. எங்க வேணா நிக்கட்டும்.”

பொருளாளர் சிரித்துவிட்டு அதை இருமலாக்கினார். தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். மச்சான் இன்னும் வீங்கியிருந்த கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் வரைபடத்தை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, டிப்போ வாசலில் மருந்தறைக் கதவை எந்தப் பக்கம் திறப்பது என்று பார்க்கக் கிளம்பினாள்.